சாவி உள்ளே, நாம வெளியே: ஆபீஸ் சர்வருக்கு ரிமோட் கன்சோல் அமைப்பது எப்படி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துவிட்டு, செட்டிங்ஸ் வரும் இடங்களைக் கொஞ்சம் விரிவாக்கியிருக்கிறேன்.)

இந்த வாரம் ஒரு கதையோட ஆரம்பிக்கிறேன். கதையில முட்டாள்தனம் பண்ணினது நான்தான், அதனால தைரியமா சொல்லலாம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்துல ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியோட சர்வரைப் பாத்துக்கிட்டிருந்தேன். அவங்க கோயம்புத்தூர்ல மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறவங்க. நான் சென்னையில. பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாமே அவங்க ஆபீஸ்ல இருக்கிற ஒரே ஒரு லினக்ஸ் சர்வர்ல.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்னேகால் மணி. கடை மூடியாச்சு. ஐபி முகவரியை மாத்துற சின்ன வேலை. அந்த சர்வர்ல ரெண்டு நெட்வொர்க் போர்ட் இருக்கு. கேபிள் செருகியிருக்கிற முதல் போர்ட்டோட பேரை எழுதறதுக்குப் பதிலா ரெண்டாவது போர்ட்டோட பேரை எழுதிட்டேன். 'நெட்பிளான் அப்ளை' அடிச்சு என்டர் தட்டினேன். கர்சர் அப்படியே நின்னுச்சு. பத்து செகண்ட். முப்பது செகண்ட். வயிறு கலங்க ஆரம்பிச்சுது.

சர்வருக்கு ஒண்ணும் ஆகல. ஃபேன் சுத்துது, டேட்டாபேஸ் பத்திரமா இருக்கு. உள்ளே போகத்தான் வழியில்லை. சாவியை வீட்டுக்குள்ளேயே வச்சுட்டு கதவை இழுத்துச் சாத்தின மாதிரி. சனிக்கிழமை காலையில ஒன்பது மணிக்கு பில் போட ஆள் வந்துடுவாங்க. நடுவுல கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர்.

ஓனர் போனை எடுக்கல. கடைசியில வாட்ச்மேன் அண்ணனைக் கூப்பிட்டேன். நல்லவேளை, சர்வர் ரூம் சாவி அவர்கிட்ட இருந்துச்சு. பில்லிங் கவுன்டர்ல இருந்து ஒரு மானிட்டரையும் கீபோர்டையும் கழட்டித் தூக்கிக்கிட்டுப் போனார். வீடியோ கால்ல நான்.

"கறுப்பா இருக்குதுங்க தம்பி. கீழ லாகின்னு என்னமோ கேக்குது."

"அதேதான் அண்ணே. நான் ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், அடிங்க."

யூசர்நேம் அடிச்சார். பாஸ்வேர்ட் அடிக்கும்போது, "ஒண்ணுமே விழ மாட்டேங்குதுங்க தம்பி, கீபோர்டு ரிப்பேருங்களா?" லினக்ஸ்ல பாஸ்வேர்ட் அடிச்சா நட்சத்திரம்கூடத் தெரியாதுன்னு அவருக்கு எப்படித் தெரியும்? மூணு தடவை தப்பாச்சு. அப்புறம் அவரே ஒரு யோசனை பண்ணி, டெய்லி காலண்டர்ல ஒரு தாளைக் கிழிச்சு, பாஸ்வேர்டை எழுதி வச்சுக்கிட்டு நிதானமா அடிச்சார். உள்ளே போயாச்சு. அடுத்தது பேக்கப் ஃபைலைப் பழைய இடத்துல காப்பி பண்ற கமாண்ட்.

"ஸ்லாஷ்னா எதுங்க தம்பி?"

"கேள்விக்குறி போட்டிருக்கிற கீ அண்ணே. ஷிஃப்ட் அமுக்காம."

சரியாகும்போது மணி ஒன்னு ஐம்பது. அடுத்த வாரம் நேர்ல போனேன். சர்வரைத் திருப்பிப் பாத்தா, பின்னாடி மூணாவதா ஒரு நெட்வொர்க் போர்ட். பக்கத்துல சின்னதா ஒரு ஸ்பேனர் படம். வாங்கின நாள்ல போட்ட பிளாஸ்டிக் மூடிகூட எடுக்கல. அந்த ஓட்டையில ஒரு கேபிள் செருகியிருந்தா, அந்த ராத்திரி வேலை அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். காசு கொடுத்து வாங்கின வசதி, யாரும் தொடாம கிடந்திருக்கு.

இந்த எபிசோட் அந்த மூணாவது போர்ட்டைப் பத்தித்தான்.

எஸ்எஸ்ஹெச் வேற, கன்சோல் வேற

"எஸ்எஸ்ஹெச் இருக்கே, அது ரிமோட் ஆக்சஸ் இல்லையா?"ன்னு கேப்பீங்க. ரிமோட் ஆக்சஸ்தான். ஆனா எஸ்எஸ்ஹெச் வேலை செய்யணும்னா மெஷின் பூட் ஆகியிருக்கணும், நெட்வொர்க் செட்டிங் சரியா இருக்கணும், ஃபயர்வால் வழி விடணும், எஸ்எஸ்ஹெச் சர்வீஸ் ஓடணும். இதுல ஒண்ணு போனாலும் கதவு மூடிடும். விண்டோஸ்ல ரிமோட் டெஸ்க்டாப்பும் எனிடெஸ்க் மாதிரி விஷயங்களும் இதே ஜாதிதான். உள்ளே இருக்கிற ஒருத்தர் எழுந்து வந்து தாழ்ப்பாளைத் திறக்கணும். அவர் மயங்கிக் கிடந்தா?

கன்சோல்னா சர்வர் முன்னாடி மானிட்டரும் கீபோர்டும் வச்சு உக்காந்திருக்கிற நிலை. பயோஸ் தெரியும், பூட் மெனு தெரியும், "டிஸ்க் செக் பண்ணட்டுமா, வேண்டாமா"ன்னு பாதியில நின்னு கேக்கிறதும் தெரியும். அந்த இருக்கையை இன்னொரு ஊர்ல இருந்து பயன்படுத்தறதுதான் ரிமோட் கன்சோல்.

இதோட அருமை உலகத்துக்கே புரிஞ்ச நாள் 2024 ஜூலை 19. க்ரவுட்ஸ்டிரைக் அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில நின்னுச்சுன்னு மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொல்லிச்சு. தீர்வு ரொம்பச் சின்னது: சேஃப் மோட்ல போய் ஒரு ஃபைலை டெலீட் பண்ணணும். ஆனா விண்டோஸே எழும்பாத மெஷின்ல ரிமோட் டெஸ்க்டாப்பை வச்சு என்ன பண்றது? கன்சோல் வசதி இருந்த சர்வர்களை உக்காந்த இடத்துல இருந்தே சரிபண்ண முடிஞ்சுது. மத்ததுக்கு ஒவ்வொரு மெஷின் முன்னாடியும் ஆள் போய் நிக்க வேண்டியிருந்துச்சு.

மதர்போர்டுல இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர்

சர்வர்னு விக்கிற மெஷின்கள்ல மதர்போர்டு மேலேயே தனியா ஒரு சின்ன கம்ப்யூட்டர் இருக்கும். பேர் பேஸ்போர்டு மேனேஜ்மென்ட் கன்ட்ரோலர், சுருக்கமா பிஎம்சி. அதுக்குத் தனி ப்ராசஸர், தனி மெமரி, தனி நெட்வொர்க் முகவரி, பெரும்பாலும் ஒரு குட்டி லினக்ஸ். டெல் இதை ஐடிராக்னு சொல்லும், ஹெச்பிஇ ஐலோன்னு சொல்லும், லெனோவோ எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர்னு சொல்லும். சூப்பர்மைக்ரோவுல எல்லாரும் சும்மா ஐபிஎம்ஐன்னே சொல்லுவாங்க.

முக்கியமான விஷயம், சர்வரை ஆஃப் பண்ணினாலும் பவர் கேபிள் செருகியிருக்கிற வரைக்கும் பிஎம்சி முழிச்சிருக்கும். டிவியை ரிமோட்ல அணைச்சப்புறமும் அந்தச் சிவப்பு விளக்கு எரியுதே, அந்த ஸ்டான்ட்பை கரன்ட்லதான் இது ஓடுது. அதனால அணைஞ்ச சர்வரை ஆன் பண்ணலாம். தொங்கிப்போன சர்வரை ரீசெட் பண்ணலாம். திரையைப் பாக்கலாம். உங்க லேப்டாப்ல இருக்கிற ஐஎஸ்ஓ ஃபைலை, சர்வர்ல டிவிடி போட்ட மாதிரி காட்டலாம்.

ஐபிஎம்ஐங்கிறது இந்தக் குட்டிக் கம்ப்யூட்டரோட பேசற ஒரு பொது மொழி. இன்டெல், டெல், ஹெச்பி, என்ஈசி சேர்ந்து 1998-ல முதல் வடிவத்தைக் கொண்டுவந்தாங்க. 2.0 வந்தது 2004-ல. அதோட வயசை ஞாபகம் வச்சுக்கோங்க, பாதுகாப்பு பத்திப் பேசும்போது தேவைப்படும். புதுசா அதே வேலையைச் செய்ய 2015-ல ரெட்ஃபிஷ்னு ஒண்ணு வந்துச்சு. அது ஹெச்டிடிபிஎஸ்ஸும் ஜேசனும் பேசும், நம்ம தலைமுறைக்கு சவுகரியம்.

முதல்ல லைசென்ஸ், அப்புறம் கேபிள்

வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. போர்ட் இருக்குங்கிறதுக்காக கன்சோல் முழுசா வரும்னு இல்லை. டெல்ல அடிப்படை லைசென்ஸ்ல ஆன், ஆஃப், சென்சார் எல்லாம் கிடைக்கும். திரையைப் பாக்கிற வசதிக்குப் பொதுவா என்டர்பிரைஸ் லைசென்ஸ் வேணும். ஹெச்பிஇ-யில ஐலோ அட்வான்ஸ்டு இல்லைன்னா, ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற ஆரம்பிச்சதும் திரை மறைஞ்சு லைசென்ஸ் கேக்கும் மாடல்கள் இருக்கு. சர்வர் வாங்கும்போதே கொட்டேஷன்ல இந்த வரி இருக்கான்னு பாருங்க. பின்னாடி தனியா வாங்க முதலாளிகிட்ட சம்மதம் வாங்கறது கஷ்டம். என்னோட கதை மாதிரி ஒரு கதை கையில இருந்தா பரவாயில்லை.

அடுத்தது கேபிள். இதை ஆபீஸ்ல எல்லாரும் இருக்கிற அதே நெட்வொர்க்குல செருகாதீங்க. மேனேஜபிள் சுவிட்ச் இருந்தா தனியா ஒரு விலேன் போடுங்க. இல்லைன்னா ஒரு சின்ன அஞ்சு போர்ட் சுவிட்ச் தனியா வாங்குங்க. ரிசப்ஷன்ல இருக்கிற கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்தா, அது சர்வரோட பவர் பட்டன் இருக்கிற நெட்வொர்க்கை எட்டவே கூடாது.

முகவரி நிலையா இருக்கணும். டிஹெச்சிபி-யில விட்டா, அவசரத்துக்கு எந்த முகவரின்னு தேட வேண்டியிருக்கும். லினக்ஸ்ல ஐபிஎம்ஐடூல்னு ஒரு கருவி இருக்கு. அதை வச்சு, ஓடிக்கிட்டிருக்கிற சர்வருக்குள்ள இருந்தே பிஎம்சி-யோட முகவரியையும் பாஸ்வேர்டையும் மாத்தலாம். சர்வரை ரீஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். வசதிதான். ஆனா இதுக்கு இன்னொரு அர்த்தமும் இருக்கு: சர்வர்ல ரூட் அனுமதி பிடிச்ச திருடனும் இதையே பண்ணலாம். அதனால ஒரு சர்வர் ஹேக் ஆச்சுன்னா, டிஸ்க்கை அழிச்சுப் புதுசா ஏத்தினது மட்டும் போதாது. பிஎம்சி-யோட யூசர் பட்டியலையும் பாக்கணும்.

இங்கே ஒரு பொறி இருக்கு. சில மதர்போர்டுகள்ல அந்தத் தனி போர்ட்டுல கேபிள் இல்லைன்னா, பிஎம்சி சத்தமில்லாம முதல் சாதாரண நெட்வொர்க் போர்ட் வழியா வெளியே வந்துடும். ஃபெயில்ஓவர் மோட்னு பேர். "நான்தான் அந்தப் போர்ட்டுல கேபிளே செருகலையே"ன்னு நீங்க நிம்மதியா இருப்பீங்க. அது ஆபீஸ் நெட்வொர்க்குல, தொழிற்சாலை பாஸ்வேர்டோட உக்காந்திருக்கும். செட்டிங்ல 'டெடிகேட்டட்'னு மாத்தி வைங்க.

பாஸ்வேர்ட், ஃபர்ம்வேர், பழைய கதவுகள்

பழைய டெல் மெஷின்னா ரூட், கால்வின். பழைய சூப்பர்மைக்ரோன்னா அட்மின், அட்மின். இது ரகசியமே இல்லை, மேனுவல்லயே இருக்கு. கலிஃபோர்னியாவுல 2020 ஜனவரியில ஒரு சட்டம் அமலுக்கு வந்து, நெட்வொர்க்குல சேர்ற கருவி ஒவ்வொண்ணுக்கும் தனி பாஸ்வேர்ட் இருக்கணும், இல்லைன்னா முதல்ல நுழையும்போதே மாத்த வைக்கணும்னு சொல்லிடுச்சு. அதனால புது மெஷின்கள்ல ஸ்டிக்கர்ல தனித்தனியா பாஸ்வேர்ட் அச்சடிச்சிருக்கும். அந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து பாஸ்வேர்ட் மேனேஜர்ல வைங்க. உடனே பாஸ்வேர்டையும் மாத்திடுங்க.

அடுத்து, 'ஐபிஎம்ஐ ஓவர் லேன்'னு ஒரு ஆப்ஷன். தேவையில்லைன்னா ஆஃப் பண்ணுங்க. காரணம் சொல்றேன். ஐபிஎம்ஐ 2.0-ல லாகின் ஆகற முறையிலேயே ஒரு கோளாறு. சரியான யூசர்நேம் ஒண்ணு தெரிஞ்சா போதும், நீங்க யாருன்னு நிரூபிக்கிறதுக்கு முன்னாடியே பாஸ்வேர்டுல இருந்து செஞ்ச ஹேஷை அது உங்க கையில கொடுத்துடும். அதை எடுத்துக்கிட்டுப் போய் வீட்டுல நிதானமா உடைக்கலாம். 2013-லேயே வெளியே வந்த விஷயம். அந்த மொழியோட இலக்கணத்துலேயே இருக்கிற ஓட்டைங்கிறதால, ஃபர்ம்வேர் அப்டேட்டால அடைக்க முடியாது. பாஸ்வேர்டும் 20 எழுத்துக்கு மேல ஏத்துக்காது.

ஃபர்ம்வேரை அப்டேட் பண்ணாம விடறதுக்கும் விலை உண்டு. 2017-ல ஐலோ 4-ல ஒரு ஓட்டை வெளியே வந்துச்சு. வெப் ரிக்வஸ்ட்ல ஒரு இடத்துல ஆங்கிலத்தோட முதல் எழுத்தை 29 தடவை அடிச்சா போதும், பாஸ்வேர்டே இல்லாம உள்ளே போயிடலாம். நம்பவே முடியல இல்ல? 2025 மார்ச்ல, பல கம்பெனி சர்வர்கள்ல இருக்கிற ஏஎம்ஐ-யோட மெகாராக் ஃபர்ம்வேர்ல லாகினையே தாண்டிப் போற இன்னொரு ஓட்டை. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. நிஜமாவே தாக்குதல்ல பயன்படுத்தப்பட்ட ஓட்டைகளோட பட்டியல்ல அமெரிக்காவின் சிசா அமைப்பு அதே வருஷம் ஜூன்ல இதைச் சேத்துச்சு.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் போட்டு பிஎம்சி-யை நேரா இன்டர்நெட்டுல வைக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு. "நல்ல பாஸ்வேர்ட் வச்சிருக்கேன் ப்ரோ"ன்னு சொல்லுவாங்க. 29 எழுத்துக் கதையில பாஸ்வேர்ட் எங்கே வந்துச்சு? பிஎம்சி கையில கிடைச்சவனுக்கு சர்வரே கையில இருக்கிற மாதிரி. மானிட்டர் முன்னாடி உக்காந்தவனா ஆயிடறான். அதனால முன்னாடி ஒரு விபிஎன் கட்டாயம்.

விபிஎன் எங்கே ஓடுது?

இப்போ இன்னிக்கு எபிசோட்ல ரொம்ப முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம். அந்தக் கோயம்புத்தூர் சர்வருக்கு நான் முதல்ல அமைச்சதுலயே இந்தத் தப்பு இருந்துச்சு. கேபிள் செருகினேன், விலேன் போட்டேன், பாஸ்வேர்ட் மாத்தினேன், விபிஎன் வச்சேன். விபிஎன் சாஃப்ட்வேரை எங்கே இன்ஸ்டால் பண்ணினேன்? அதே சர்வர்ல!

யோசிச்சுப் பாருங்க. சர்வர் விழுந்தா தூக்கறதுக்குத்தான் கன்சோல். கன்சோலுக்குப் போற வழி விபிஎன். விபிஎன் ஓடறது விழுந்த சர்வர்ல. கிணத்துல விழுந்தா ஏறி வர்றதுக்கு வச்ச ஏணியை, கிணத்துக்குள்ள படுக்க வச்ச மாதிரி. ஒரு நண்பன் வரைபடத்தைப் பாத்துட்டு சிரிச்சப்பதான் எனக்கே உறைச்சுது.

நான் மட்டும்தான் இப்படின்னு நினைக்காதீங்க. 2021 அக்டோபர் 4-ம் தேதி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூணும் ஆறு மணி நேரம் மாதிரி காணாமப் போச்சே, ஞாபகம் இருக்கா? பராமரிப்பு வேலையில கொடுத்த ஒரு கமாண்ட் அவங்களோட முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டிச்சுடுச்சு. இந்த மாதிரி நேரத்துக்குன்னு வச்சிருந்த அவுட் ஆஃப் பேண்ட் வழியும் அன்னிக்கு வேலை செய்யலைன்னு அவங்களே பிறகு எழுதினாங்க. கடைசியில இன்ஜினியர்களை டேட்டா சென்டருக்கு நேர்ல அனுப்ப வேண்டியதாச்சு. அங்கே உள்ளே போறதுக்கான பாதுகாப்பு நடைமுறைகளாலயும் நேரம் ஆச்சு. அவ்வளவு பெரிய கம்பெனிக்கும் கடைசியில நேர்ல ஆள் போய்த்தான் ஆகணும்.

அதனால கேள்வி இதுதான்: நீங்க காப்பாத்தப் போற பொருளை நம்பி, காப்பாத்தற வழி இருக்கா? சர்வர், ஃபயர்வால், சுவிட்ச், இன்டர்நெட் லைன், கரன்ட்னு ஒவ்வொண்ணா வாயால சொல்லி, "இது போனா என் கன்சோல் வருமா?"ன்னு கேளுங்க.

இப்போ அங்கே இருக்கிற அமைப்பு இப்படி. சர்வருக்கு வெளியே ஒரு தனி ராஸ்பெரி பை. அதுல வயர்கார்ட் விபிஎன். இந்தச் சின்னப் பெட்டியோட ஒரே வேலை பிஎம்சி நெட்வொர்க்குக்கு வழி விடறது. ஆபீஸ் ஃபைபர் லைன் போனா ஒரு 4ஜி ரவுட்டர் வழியா போகும். 4ஜி-யில ஒரு சிக்கல்: மொபைல் கம்பெனிகள் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னாடி வைக்கும். அதனால வெளியே இருந்து நேரா உள்ளே கூப்பிட முடியாது. தீர்வு, பெட்டியே வெளியே கூப்பிடணும். மாசம் சில நூறு ரூபாய்ல ஒரு குட்டி கிளவுட் மெஷின் எடுத்து, ரெண்டு பக்கமும் அதுக்கு வந்து சேருது. வயர்கார்ட்ல 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' 25 செகண்டுன்னு வச்சா அந்த வழி மூடாம இருக்கும்.

கரன்ட்டை மறந்துடாதீங்க. சர்வர் யூபிஎஸ்ல இருக்கும், ஆனா ஃபைபர்காரர் சுவத்துல மாட்டின அந்த வெள்ளைப் பெட்டி சாதாரண பிளக்ல இருக்கும். கரன்ட் போச்சுன்னா சர்வர் ஓடும், வழி செத்துடும். ரவுட்டர், சுவிட்ச், ராஸ்பெரி பை, வெள்ளைப் பெட்டி எல்லாத்தையும் யூபிஎஸ்ல மாட்டுங்க. ரெண்டு ஸ்பைக் பஸ்டர்ல முடியற வேலை.

படம் வேண்டாம், எழுத்து போதும்

பிரவுசர்ல திரையைப் பாக்கிறது நல்லாத்தான் இருக்கும். பழைய மெஷின்கள்ல அதுக்கு ஜாவா கேக்கும், இப்போ எந்த பிரவுசரும் அதை நேரா ஓட்டாது. புதுசுல ஹெச்டிஎம்எல்5 வந்துடுச்சு. ஆனா பஸ்ல, மோசமான சிக்னல்ல அந்தப் படம் தடுமாறும். அதுக்கு சீரியல் கன்சோல் கைகொடுக்கும். வெறும் எழுத்து மட்டும் வர்றதால ரெண்டு புள்ளி சிக்னல்லயும் ஓடும். எரர் மெசேஜைக் காப்பி பண்ணி எடுக்கவும் முடியும்.

அமைக்க மூணு இடத்துல கை வைக்கணும். பயோஸ்ல கன்சோல் ரீடைரக்ஷன் ஆன். கிரப் மெனுவை சீரியல்லயும் காட்டச் சொல்லணும். லினக்ஸ் கெர்னலுக்கும் எந்த சீரியல் போர்ட், எந்த வேகம்னு சொல்லணும். வேகம் பொதுவா 115200. எல்லாரும் தடுக்கி விழற இடம் போர்ட் நம்பர்: பயோஸ்ல காம் 2-ன்னு இருக்கிறது லினக்ஸ்ல டிடிஒய்எஸ் 1. லினக்ஸ் பூஜ்யத்துல இருந்து எண்ணும். இதைக் கவனிக்காம ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க வெத்துத் திரையைப் பாத்துக்கிட்டிருந்தவன் நான்.

ஐபிஎம்ஐ-யை ஆஃப் பண்ணச் சொன்னேனே, அப்புறம் எப்படி சீரியல்? டெல், ஹெச்பிஇ ரெண்டுலயும் பிஎம்சி-க்கே எஸ்எஸ்ஹெச் பண்ணலாம். உள்ளே போய் ஐடிராக்ல 'கன்சோல் காம்2', ஐலோவுல 'விஎஸ்பி'ன்னு அடிச்சா அதே எழுத்துத் திரை வந்துடும்.

ஐஎஸ்ஓ ஃபைல் பத்தியும் ஒரு வார்த்தை. வீட்டு லைன்ல அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ்னா, 2 ஜிபி ஃபைல் போய்ச்சேரக் கிட்டத்தட்ட 27 நிமிஷம் ஆகும். ஒரு ரெஸ்க்யூ ஐஎஸ்ஓ-வை முன்னாடியே ஆபீஸ்ல இருக்கிற அந்தச் சின்னப் பெட்டியில போட்டு, அங்கிருந்து மவுன்ட் பண்ற மாதிரி வச்சுக்கோங்க.

பிஎம்சி இல்லாத மெஷின், கிளவுட் மெஷின்

நிறைய சின்னக் கம்பெனிகள்ல சர்வர்னு சொல்றது ஒரு சாதாரண டெஸ்க்டாப்தான். அதுக்கு வெளியே இருந்து ஒரு பிஎம்சி-யை ஒட்டலாம். பைகேவிஎம்னு ஒரு திறந்த மூல திட்டம் இருக்கு. ராஸ்பெரி பை, ஹெச்டிஎம்ஐ-யில வர்ற திரையைப் படிச்சு உங்களுக்கு அனுப்பும். யூஎஸ்பி வழியா கீபோர்டு, மவுஸ், டிவிடி மாதிரி நடிக்கும். மதர்போர்டுல பவர் பட்டன் ஒயர் மாட்டற பின்னோடயும் இணைச்சா ஆன், ஆஃப்கூட பண்ணலாம்.

"நாங்க கிளவுட்ல இருக்கோம்"னு சொல்றவங்களுக்கும் இது உண்டு. ஏடபிள்யூஎஸ் 2021-ல ஈசி2 சீரியல் கன்சோல் கொண்டுவந்துச்சு. திறந்தா லாகின் கேக்கும். நீங்க இத்தனை நாள் எஸ்எஸ்ஹெச் கீ மட்டும் வச்சு வாழ்ந்திருப்பீங்க, எந்த யூசருக்கும் பாஸ்வேர்டே இருக்காது. கதவு வரைக்கும் வந்து வாசல்ல நிக்க வேண்டியதுதான். ஒரு யூசருக்காவது பாஸ்வேர்ட் போட்டு, எஸ்எஸ்ஹெச்-ல பாஸ்வேர்ட் லாகினை மூடி வைங்க. அப்போ அந்த பாஸ்வேர்ட் கன்சோல்ல மட்டும்தான் செல்லும்.

ஒத்திகை பார்க்காத கன்சோல் கன்சோலே இல்லை

மூணு மாசத்துக்கு ஒரு தடவை நான் பண்றது இது. ஆபீஸ் வைஃபையை விட்டுட்டு, மொபைல் ஹாட்ஸ்பாட்ல இருந்து, ஃபைபர் லைனைப் பிடுங்கச் சொல்லிட்டு, கன்சோலுக்குள்ள போய் லாகின் பண்ணுவேன். ஒரு ஞாயித்துக்கிழமை சர்வரை ரீபூட் பண்ணி பயோஸ் வரைக்கும் பாப்பேன். முதல் ஒத்திகையிலேயே ராஸ்பெரி பை-யோட மெமரி கார்டு செத்திருந்தது தெரிஞ்சுது. நிஜ அவசரத்துல தெரிஞ்சிருந்தா?

நெட்வொர்க்கைத் தொடறப்ப இப்போ 'நெட்பிளான் அப்ளை' அடிக்கிறதில்லை. 'நெட்பிளான் டிரை' அடிப்பேன். 120 செகண்டுக்குள்ள நாம என்டர் தட்டி உறுதி பண்ணலைன்னா, பழைய செட்டிங்குக்கே அது திரும்பிடும். அன்னிக்கு ராத்திரி இந்த மூணு எழுத்து மாறியிருந்தா, ஒரு மனுஷனைத் தூக்கத்துல எழுப்பியிருக்க வேண்டாம்.

போன வருஷம் மழைக்காலத்துல, சொந்தக்காரங்க நிச்சயதார்த்தத்துக்கு மதுரைக்குப் போயிருந்தேன். கோயம்புத்தூர்ல கரன்ட் போய், யூபிஎஸ்ஸும் தீர்ந்து, திரும்ப வந்தப்ப சர்வர் எழும்பல. மண்டபத்து மாடிப்படியில உக்காந்து லேப்டாப்பைத் திறந்தேன். திரையில ஒரே ஒரு வரி: ரெய்டு பேட்டரி பலவீனமா இருக்கு, தொடர எஃப்1 அழுத்தவும். அவ்வளவுதான். ஒரு மனுஷ விரலுக்காக அது காத்துக்கிட்டிருக்கு. லேப்டாப்ல எஃப்1 அழுத்தினா பிரவுசரோட ஹெல்ப் பக்கம் திறக்குது! அப்புறம் கன்சோல் ஜன்னல்லயே இருக்கிற வர்ச்சுவல் கீபோர்டுல எஃப்1-ஐ மவுஸால தட்டினேன். ஆறு நிமிஷத்துல பில்லிங் ஓடிச்சு. பந்தியில எனக்குப் போட்ட இலையில பாயசம்கூட ஆறல.

கன்சோலால முடியாததும் இருக்கு. கேபிள் கழண்டா, டிஸ்க் செத்தா, பிஎம்சி-யே தொங்கிப் போய் பவர் கேபிளைப் பிடுங்கி மாட்டணும்னா, அங்கே ஒரு மனுஷன் வேணும். அதனால சர்வர் பக்கத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கேன். எந்த கேபிள் எங்கே, யாருக்கு போன் பண்ணணும், எதைத் தொடக் கூடாதுன்னு தமிழ்ல எழுதின தாள். பாஸ்வேர்ட் அதுல இல்லை.

பாஸ்வேர்டுன்னதும் ஞாபகம் வருது. அந்த ராத்திரிக்கு மறுநாளே ரூட் பாஸ்வேர்டை மாத்தியிருக்கணும். நான் மாத்தல. அடுத்த வாரம் நேர்ல போனப்ப வாட்ச்மேன் அண்ணன் சட்டைப் பையில இருந்து அந்த காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். "பத்திரமா வச்சிருந்தேனுங்க தம்பி. உங்க சாமான், உங்ககிட்டயே இருக்கட்டும்." அவர் முன்னாடியே உக்காந்து மாத்தினேன்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. உங்க பொறுப்புல இருக்கிற சர்வருக்குப் பின்னாடி போய், டார்ச் அடிச்சு, அந்த மூணாவது போர்ட்டுல கேபிள் இருக்கான்னு பாருங்க. பாத்துட்டு என்ன இருந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேக்கப் பத்திப் பேசுவோம். அதாவது, எடுத்துட்டோம்னு நாம நம்பிக்கிட்டிருக்கிற பேக்கப் பத்தி.